கரும்புள்ளி மறையும் இடம்: டெய்லர் கே-2006 கிட்டோடு ஒன்றரை வருடம்

பார்ப்பதற்கு இது ஒன்றும் பெரிய சாமான் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே வரிசையாகச் சொட்டு பாட்டில்கள், ஒரு பொடி டப்பா, கோடு போட்ட குழாய்கள், ஆங்கிலத்தில் ஒரு கையேடு. வீட்டுக்குப் பார்சல் வந்த அன்று மாமியார் திறந்து பார்த்துவிட்டு, "ஹோமியோபதி ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டார். நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சோதிக்கும் கிட் என்றதும் விலையைக் கேட்டார். எட்டாயிரத்துச் சொச்சம் என்று நான் சொல்லவில்லை.

பெங்களூரில் கல்யாண் நகர் பக்கம் ஒரு ஃபிட்னஸ் கிளப்பின் நீச்சல் குளம் என் பொறுப்பில் இருக்கிறது. 25 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், ஆழம் ஒரு கோடியில் 1.2 மீட்டர், மறு கோடியில் 1.6. கணக்குப் போட்டால் 2,80,000 லிட்டர். மேலே கூரை கிடையாது. நான் படித்தது பி.காம். வேதியியல் ப்ளஸ் டூவோடு சரி. அப்பா மட்டும் ஈரோட்டில் சாயப்பட்டறையில் கலர் மாஸ்டராக இருந்தவர். "தண்ணி சரியில்லேன்னா எந்தச் சாயமும் ஏறாது" என்பார். அது காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறியது இந்தக் குளத்துக்கு வந்த பிறகுதான்.

2023 தீபாவளி முடிந்த கையோடு ஏணிக்குப் பின்னால், நிழல் விழும் சுவரில் ஆரம்பித்தது. முதலில் பச்சை தெரியவே இல்லை. விரலை வைத்தால் வெண்டைக்காய் நறுக்கின கத்தி மாதிரி ஒரு வழுவழுப்பு, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் படிக்கட்டு வழுக்கியது. இரண்டு வாரத்தில் தண்ணீர் இளநீர் நிறத்துக்கு வந்தது. பராமரிப்பை அப்போது ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் வேண்டாம். அவர்களுடைய ஆள் காலையில் வந்து, இரண்டு குழாய் உள்ள சின்ன கிட்டில் மஞ்சளும் சிவப்பும் பார்த்து, போர்டில் "குளோரின் 2.0, பிஹெச் 7.4" என்று எழுதிவிட்டுப் போவார். மழை பெய்தாலும் அதுதான், ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் இறங்கினாலும் அதுதான். பச்சையைக் காட்டினால், "மேடம், ரீடிங் எல்லாம் நார்மல். வெதர் அப்படி" என்பார். குளம் பச்சை, போர்டு நார்மல். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

இதற்கு நடுவில் அம்மாக்களின் புகார். "குளோரின் ரொம்பப் போடுறீங்க, பொண்ணுக்குக் கண்ணெல்லாம் சிவந்துபோகுது, வாடை வேற." நானும் நம்பினேன், குளோரினைக் குறைக்கச் சொன்னேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிப்ரவரியில் பெட்டி வந்த அன்று தெரிந்தது.

அந்தச் சாயங்காலத்தைச் சொல்கிறேன். எங்கள் குளத்தைப் பார்க்கும் தம்பி, பாலக்கோட்டுக்காரர், முழங்கை ஆழத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். குழாயில் 10 மில்லி கோடு வரைக்கும் ஊற்றி, பொடி இரண்டு குட்டிக் கரண்டி போட்டு ஆட்டினோம். ரோஸ் நிறம் வந்தது. இனி ஆர்-0871 என்ற பாட்டிலைத் தலைகீழாக நேராகப் பிடித்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும், நிறம் போகும் வரை. ஒரு சொட்டுக்கு அரை பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதுதான் ஒரு பிபிஎம்). ப்ளஸ் டூ லேபில் பியூரெட்டைத் திருகினோமே, அதே வித்தைதான். போர்டில் 2.0 என்று இருந்ததால் நான்கு சொட்டு எதிர்பார்த்தேன். ஒரே சொட்டில் ரோஸ் போய்விட்டது.

"அக்கா, தப்பா விட்டுட்டோமா?" என்றார் தம்பி. மறுபடி செய்தோம். அதே ஒரு சொட்டு. வேலை செய்யக்கூடிய குளோரின், அதாவது ஃப்ரீ குளோரின், அரை பிபிஎம்தான் இருந்தது. அடுத்து ஆர்-0003 ஐந்து சொட்டு விட்டதும் போன நிறம் திரும்பி வந்தது, அது போக மூன்று சொட்டு பிடித்தது. அதாவது 1.5 பிபிஎம் கட்டுண்ட (கம்பைண்ட்) குளோரின். வியர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்து குளோரமைனாகிப் போனது. இரண்டையும் கூட்டினால் 2.0. போர்டு பொய் சொல்லவில்லை. அந்த மஞ்சள் நிறச் சோதனைக்கு இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரியாது, அவ்வளவுதான். கண்ணைச் சிவக்க வைத்ததும் மூக்கில் ஏறிய வாடையும் இந்தக் குளோரமைன்தான். குளோரின் அதிகமாகி வந்த வாடை இல்லை, போதாமல் வந்த வாடை. அம்மாக்கள் சொன்னதை வைத்து நான் குறைக்கச் சொல்லியிருந்தேன்.

இந்தச் சோதனை ஒன்றுக்கே காசு கொடுக்கலாம். ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அடுத்த சோதனையில். சயனூரிக் ஆசிட், கடைக்காரர்கள் பேச்சில் ஸ்டெபிலைசர். இதற்கான சோதனை விளையாட்டு மாதிரி இருக்கும். ஒரு சின்ன பாட்டிலில் 7 மில்லி குளத்துத் தண்ணீர், 14 மில்லி கோடு வரை ஆர்-0013 மருந்து, அரை நிமிடம் குலுக்கல். தண்ணீர் மோர் மாதிரி கலங்கும். அடியில் கரும்புள்ளி வைத்த ஒரு குழாயில் அதை மெதுவாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி எந்தக் கோட்டில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அளவு. சூரியனுக்கு முதுகைக் காட்டி, குழாயை இடுப்பு உயரத்தில் பிடித்துப் பார்க்கணும். புள்ளியை முறைக்கக் கூடாது. முறைத்தால் இல்லாத புள்ளியும் தெரியும். எங்களுக்கு முதல் கோடு வருவதற்கு முன்பே புள்ளி மறைந்துவிட்டது. முதல் கோடு 100. குழாய்த் தண்ணீர் பாதி கலந்து மறுபடி பார்த்தோம். 80. இரண்டால் பெருக்கினால் 160. இருக்க வேண்டியது 30லிருந்து 50க்குள்.

இது எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் எத்தனையோ குளங்களின் கதை இதுதான் என்று நினைக்கிறேன். காண்ட்ராக்ட் ஆள் போட்டது டிசிசிஏ (ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் ஆசிட்) என்ற குளோரின் மாத்திரை, ஒன்று 200 கிராம். தினம் ஐந்து. ஒரு கிலோ மாத்திரை எங்கள் குளத்துக்கு 3 பிபிஎம் சொச்சம் குளோரின் தரும், கூடவே ஏறக்குறைய 2 பிபிஎம் சயனூரிக் ஆசிடையும் விட்டுவிட்டுப் போகும். குளோரின் செலவாகிவிடும். ஆசிட் ஆவியாகாது, வெயிலில் சிதையாது. பேக்வாஷிலும் (ஃபில்டரில் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவுவது) பிள்ளைகள் தளும்ப விடுவதிலும் கொஞ்சம் போகும், மீதி தங்கிவிடும். மாதத்துக்கு அறுபது வரை ஏறக்கூடிய கணக்கு இது.

கொஞ்சம் இருந்தால் நல்லதுதான். திறந்தவெளிக் குளத்தில் அது சுத்தமாக இல்லாவிட்டால் நல்ல வெயிலில் குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். அதற்குக் குடை பிடிப்பது இந்த ஆசிட். அளவு மீறினால் குடை பிடிக்கிற வேலை போய், நகையை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தொலைத்த கதையாகிவிடும். பாசி வராமல் இருக்க ஃப்ரீ குளோரின், சயனூரிக் அளவில் சுமார் 7.5 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது குளக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. 40 இருந்தால் 3 பிபிஎம் போதும். 160க்கு 12 வேண்டும். எங்களிடம் இருந்ததோ அரை.

மாத்திரை போடுகிறவரை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். காலையில் ஒரு தடவை வந்துவிட்டு வேறு ஐந்து குளத்துக்கு ஓட வேண்டிய ஆளுக்கு மாத்திரையைவிட வசதி எதுவும் இல்லை. ஆனால் அதே ஆள் மாத்திரை அள்ளிய மக்கிலேயே ஹைப்போ பவுடரையும் (கால்சியம் ஹைப்போகுளோரைட், இன்னொரு வகைக் குளோரின்) அள்ளுவதை ஒரு நாள் பார்த்தேன். அந்த இரண்டும் ஈரத்தில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அன்றைக்கே மக்கைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். காண்ட்ராக்ட் மாத முடிவில் முடிந்தது.

இன்னொரு கண்டுபிடிப்பு தற்செயலாக வந்தது. கடினத்தன்மைச் சோதனையில் தண்ணீர் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற வேண்டும். எங்களுக்கு ஊதாவிலேயே நின்றுவிட்டது. சொட்டுச் சொட்டாக விட்டாலும் நகரவில்லை. கையேட்டைப் புரட்டினால், தண்ணீரில் உலோகம் இருந்தால் இப்படி ஆகும், ஆர்-0012ஐ முதலிலேயே ஐந்தாறு சொட்டு விட்டுவிட்டு ஆரம்பி என்று போட்டிருக்கிறது. உலோகம் எங்கிருந்து? பம்ப் ரூமில் மூலையில் இருந்த சாக்கைப் பிரித்தால் மயில்துத்தம். தோட்டத்தில் போர்டோ கலவைக்குப் போடுவோமே, அதே செம்பு உப்பு. பாசிக்கு மருந்து என்று அதை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். ஆழப் பக்கத்தில் டைல் இடுக்கில் ஒரு நீலப்பச்சைத் திட்டு இருந்தது. தம்பி மூன்று வாரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது பாசியே இல்லை, செம்புக் கறை. முடிக்குப் பிளீச் செய்திருந்த கோச் ஒருத்தி, தன் முடி பச்சையடிக்கிறது என்று சொன்னபோது ஷாம்புவை மாற்றச் சொல்லியிருந்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சயனூரிக்கைக் குறைக்க நம்பக்கூடிய வழி ஒன்றுதான்: தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவது. அதை நாங்கள் கண்டுபிடித்த நேரம் பாருங்கள். 2024 மார்ச். பெங்களூர் முழுக்கக் குடத்தோடு நின்ற மாதம். நீச்சல் குளத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. நியாயமான உத்தரவு, நானே வீட்டில் பக்கெட் எண்ணிக்கொண்டிருந்தவள். எங்கள் போர்வெல்லும் இருமிக்கொண்டிருந்தது. ஏப்ரல், மே சம்மர் கேம்ப்தான் எங்களுக்கு வருடத்துக் கஞ்சி. ரத்து செய்தோம். அந்த நஷ்டத்துக்கு இந்தப் பெட்டி முப்பது வாங்கியிருக்கலாம்.

ஜூனில் மழை வந்து போர்வெல் தெளிந்த பிறகு முக்கால் குளத்தைக் காலி செய்தோம். பழைய தண்ணீரைப் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்கள் தூசி அடங்கத் தெளிக்க லாரி லாரியாக எடுத்துப் போனார்கள். முழுக்கக் காலி செய்யவில்லை. மழைக்காலத்தில் அடியில் நிலத்தடி நீர் ஏறினால் வெறும் குளத்தின் தரையையே தூக்கிவிடும். கால்வாசி மிச்சம், அதனால் 160 நாற்பதாக இறங்கும் என்று கணக்கு. நிரப்பி முடித்துப் புள்ளியைப் பார்த்தோம். 40 கோட்டிலேயே மறைந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷத்தை பி.காம். ரிசல்ட் அன்றுகூட நான் பார்க்கவில்லை.

மிச்சமிருந்த பாசியைக் கொல்லக் குளோரினை 16க்கு ஏற்றி நான்கு நாள் அங்கேயே பிடித்துவைத்தோம். பழைய மஞ்சள் கிட் இந்த உயரத்தில் வெறும் ஆரஞ்சு காட்டும், வேறு ஒன்றும் சொல்லாது. மாத்திரை போட்டு ரோஸ் நிறத்தை ஒப்பிடும் சாதாரண டிபிடி சோதனை இன்னும் மோசம்: குளோரின் மிக அதிகமானால் நிறமே வெளுத்துப்போய்ப் பூஜ்யம் மாதிரி தெரியும், நாம் இன்னும் அள்ளிக் கொட்டுவோம். இதில் 32 சொட்டு எண்ண வேண்டும், அவ்வளவுதான். கை வலிக்கும், ஆனால் எண் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ணி, குறைந்ததைச் சேர்த்து, சுவரை பிரஷ் செய்து, மணல் ஃபில்டரின் பிரஷர் சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8, 10 பிஎஸ்ஐ ஏறியதும் பேக்வாஷ். அந்த நான்கு நாள் யாரையும் தண்ணீரில் இறக்கவில்லை.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் இந்தக் கிட்தான் பதில் சொன்னது. பொழுது சாய்ந்ததும் ஒரு ரீடிங், வெயில் ஏறுவதற்கு முன் ஒரு ரீடிங். ராத்திரியில் வெயில் இல்லை, ஆள் இல்லை. அப்படியும் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீருக்குள் ஏதோ தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் ராத்திரி ஆறு குறைந்தது, கடைசி ராத்திரி அரை. கண்ணுக்குத் தண்ணீர் மூன்றாம் நாளே பளிங்காகத்தான் இருந்தது. கண்ணை நம்பியிருந்தால் அன்றைக்கே திறந்து, பத்து நாளில் மறுபடி வெண்டைக்காய் ஆரம்பித்திருக்கும்.

இப்போது மாத்திரை இல்லை. நீல கேனில் வரும் திரவ ஹைப்போதான், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். ஹைப்போ பவுடர் போடலாமே என்று கிளப் முதலாளி கேட்டார். எங்கள் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை 46 சொட்டு, அதாவது 460 பிபிஎம். பவுடர் கால்சியத்தை இன்னும் ஏற்றும், டைலில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். திரவத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும், பத்து நாளுக்கு மேல் ஸ்டாக் வைப்பதில்லை. சயனூரிக் 30க்குக் கீழே இறங்கினால் ஒரு வாரம் மாத்திரை போட்டு ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். மாத்திரை வில்லன் இல்லை, அளக்காமல் போடுவதுதான்.

பிஹெச் இன்னொரு தலைவலி. 7.5 பக்கத்தில் குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8க்குப் போனால் கால்வாசிகூடத் தேறாது. எங்களுக்கு தினமும் ஆசிட் விட்டு இறக்கினாலும் மறுநாள் காலை 8 என்று நிற்கும். காரணம் ஆல்கலினிட்டி, அதாவது பிஹெச்சை எளிதில் இறங்கவிடாத காரத்தன்மை; சோதித்தால் பச்சையிலிருந்து சிவப்புக்கு 26 சொட்டு, 260 பிபிஎம். 80லிருந்து 120 இருந்தால் போதும். அதிகமாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கும், பிஹெச் ஏறிக்கொண்டே இருக்கும். 10 பிபிஎம் இறக்க எங்கள் குளத்துக்கு ஐந்தாறு லிட்டர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நூறு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகி 90க்கு வந்தது. பிஹெச் 7.6இல் உட்கார்ந்துவிட்டது.

சரி, குறைகள். பிஹெச் சோதனை மட்டும் இதிலும் பழைய கதைதான்: நிறத்தைப் பார்த்து ஒப்பிட வேண்டும். எனக்கு 7.4 என்று தெரிவது தம்பிக்கு 7.6. குளோரின் மிக அதிகமாக இருக்கும்போது அது ஊதாவாகிப் பொய் சொல்லும், அதை நம்பக் கூடாது. மழைக்காலத்தில் பொடி கட்டிதட்டுகிறது. டப்பாவை உடனே மூடாவிட்டால் கரண்டியில் அள்ள வராது. ஆர்-0013 மற்ற பாட்டில்களைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, அது மட்டும் தனியாக வரவழைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. செம்பை நேரடியாக அளக்க இதில் ஒன்றும் இல்லை. கையேடு ஆங்கிலம் மட்டும். நான் ஒரு அட்டையில் தமிழில் எழுதி பம்ப் ரூமில் தொங்கவிட்டேன்: "பொடி 2 கரண்டி, ரோஸ் போகும் வரை எண்ணு, பாதியாக்கு." மலையாளம் பேசும் ராத்திரி ஷிப்ட் ஆளுக்காகத் தம்பி அதற்குப் பக்கத்தில் படம் வரைந்திருக்கிறார்.

தலைக்கு எண்ணெய் வழிய வழிய வரும் பிள்ளைகளை இந்தப் பெட்டி தடுக்காது. தேங்காய் எண்ணெய் ஃபில்டர் மணலை என்ன செய்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஷவரில் நின்று குளித்துவிட்டு இறங்கச் சொல்லி நான் தினமும் கத்துகிறேன். கம்பைண்ட் குளோரின் குறைந்ததில் பாதிப் பங்கு அந்தக் கத்தலுக்கு.

வீட்டு மாடியில் சின்னத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த விலை அதிகம். ஆள் இறங்கும் குளம் வைத்துக் காசு வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டாம். காண்ட்ராக்ட் கொடுத்திருந்தாலும் வாங்கி உங்கள் மேஜையில் வையுங்கள். வாரம் ஒரு தடவை நீங்களே சொட்டை எண்ணுங்கள், போர்டில் எழுதினதோடு ஒத்துப் பாருங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைப் பிடித்துக்கொள்வது அந்த பிஹெச்சுக்கும் ஆர்-0013க்கும்.

இன்று காலை ஆறு மணி நிலவரம்: ஃப்ரீ குளோரின் 4.5, கம்பைண்ட் பூஜ்யம், பிஹெச் எனக்கு 7.5, தம்பிக்கு 7.6. ஏணிக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்தேன், சொரசொர. பொடி இன்னும் ஒரு மாதத்துக்கு வரும், ஆர்டர் போட்டுவிட்டேன்.